பட்டப்பெயரும் பாழ்கிணறும்

 

 ஜூன் மாதம் வந்து பள்ளிக்கூடம் திறந்துவிட்டால் நம் வீடுகளில் என்ன பேச்சு? சீருடைக்குத் துணி எடுத்தாயிற்றா, நோட்டுக்கு அட்டை போட்டாயிற்றா, டியூஷனுக்கு எங்கே அனுப்புவது, பஸ் பாஸ் எப்போது கிடைக்கும் என்பவைதான். பிள்ளை வகுப்பில் யார் பக்கத்தில் உட்காருகிறான், மதியச் சோற்றை யாருடன் சேர்ந்து உண்கிறான், மற்றப் பையன்கள் அவனை என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள் என்று நம்மில் எத்தனை பேர் கேட்கிறோம்? கேட்டாலும், "சின்னப் பசங்க விவகாரம், இன்னைக்கு அடிச்சுக்குவாங்க, நாளைக்குக் கூடிக்குவாங்க" என்று தள்ளிவிடுகிறோம். பாதிக்குப் பாதி அது உண்மையும்கூட. மீதிப் பாதியைப் பற்றியே இங்கே பேச வருகிறோம்.

நம் மார்க்கம் இதைச் சிறுபிள்ளை விவகாரம் என்று ஒதுக்கவில்லை. திருமறையில் யூஸுஃப் என்னும் 12ஆம் அத்தியாயத்தை நாம் எத்தனை முறை ஓதியிருக்கிறோம்! அழகிய வரலாறு என்று அல்லாஹ்வே அதற்குப் பெயர் சூட்டியிருக்கிறான். பயான்களில் நாம் அதைச் சொல்லும்போது அரண்மனைக்கும் சிறைச்சாலைக்கும் விரைந்து போய்விடுகிறோம். அதன் தொடக்கத்தில் சற்று நின்று பாருங்கள். ஒரு சிறுவன் தன் தந்தையிடம் ஓடி வந்து, தான் கண்ட கனவைச் சொல்கிறான். பதினொரு நட்சத்திரங்களும் சூரியனும் சந்திரனும் தனக்குப் பணிந்தனவாம்! நம் வீட்டுப் பிள்ளை இப்படி வந்து சொன்னால் என்ன விடை கிடைக்கும்? "கனவாம் கனவு! போய்ப் படிடா" என்போம். கையில் கைப்பேசி இருந்தால் அந்த வார்த்தையும் கிடைக்காது. "ம்" என்ற ஓர் எழுத்துதான்.

யஃகூப் (அலை) அவர்கள் முழுவதையும் கேட்டார்கள். பாசம் ததும்ப, அருமை மகனே என்று அழைத்தார்கள். இதை அண்ணன்மாரிடம் சொல்லிவிடாதே, அவர்கள் உனக்குச் சூழ்ச்சி செய்யக்கூடும் என்று முன்கூட்டியே எச்சரித்தார்கள். தம் மற்ற மக்களைப் பற்றியே அப்படிச் சொல்ல வேண்டியிருந்ததே, அந்தத் தந்தையின் மனம் எவ்வளவு வலித்திருக்கும்! எனினும் சொன்னார்கள். ஒரு பிள்ளை தன் மனத்தைத் திறந்து பேசவும், பெரியவர் செவி கொடுத்துக் கேட்கவும் கூடிய இடமாக அந்த வீடு இருந்தது. துன்பங்கள் எல்லாம் பிறகுதான் வருகின்றன.

அடுத்து நடப்பதைக் கவனியுங்கள். அண்ணன்மார் முறைத்த முகத்துடன் வரவில்லை. நாளைக்கு எங்களோடு அனுப்புங்கள், ஓடி விளையாடட்டும், நாங்கள் பத்திரமாகப் பார்த்துக்கொள்கிறோம் என்றார்கள் (12:12). விளையாட்டு என்று சொல்லித்தான் அழைத்துப் போனார்கள்; பாழ்கிணற்றில்தான் போட்டார்கள். இரவானதும் தந்தையிடம் அழுதுகொண்டே வந்தார்கள். சட்டையில் பொய் இரத்தம். இன்று எந்தப் பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியர் அறையிலும் போய் நின்று பாருங்கள். ஒரு பையனின் சட்டை கிழிந்திருக்கும். நான்கு பேர் எதிரே நிற்பார்கள். "சும்மா விளையாட்டுக்குத்தான் சார்" என்பார்கள். அவர்களிலே ஒருவன் அழவும் அழுவான். சொல்லும் பழையது, கண்ணீரும் பழையது!

அந்தச் சகோதரர்களிலே ஒருவர் இருந்தார். கொல்ல வேண்டாம், கிணற்றில் போடுங்கள், வழிப்போக்கர் யாராவது எடுத்துக்கொள்வார்கள் என்று யோசனை சொன்னவர் அவர் (12:10). முழுக் கெட்டவர் அல்லர். ஆனால் தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குத் திரும்பவும் இல்லை. நம் பிள்ளைகளில் பெரும்பாலோர் இவரைப் போன்றவர்கள்தாம். அடிக்க மாட்டார்கள், அடிக்கிறவனைத் தடுக்கவும் மாட்டார்கள். "நான் எதுவும் செய்யலை அத்தா, பக்கத்துல நின்னேன், அவ்வளவுதான்" என்று மகன் சொன்னால், நல்ல பிள்ளை என்று தட்டிக்கொடுத்து அனுப்பிவிடாதீர்கள். பக்கத்தில் நின்று என்ன செய்தாய் என்று கேளுங்கள்.

விளையாட்டு என்ற சொல்லுக்கு நம் பெருமானார் (ஸல்) அவர்கள் எல்லை வகுத்திருக்கிறார்கள். அபூதாவூதில் ஒரு ஹதீஸ் வருகிறது. பயணத்தில் தோழர் ஒருவர் அயர்ந்து உறங்கிவிட்டார். அவரிடமிருந்த கயிற்றை மற்றவர்களில் ஒருவர் போய் எடுத்தார். உறங்கியவர் திடுக்கிட்டுப் போனார். நடந்தது அவ்வளவுதான், அடி இல்லை, காயம் இல்லை. ஒரு முஸ்லிமைத் திடுக்கிடச் செய்வது இன்னொரு முஸ்லிமுக்கு ஆகுமானதல்ல என்று நபியவர்கள் சொல்லிவிட்டார்கள். விடுதியில் நள்ளிரவில் கதவைத் தட்டி, புதிதாய் வந்த மாணவனை எழுப்பி ஆடச் சொல்கிறவர்கள் இந்த ஹதீஸைத் தங்கள் அறைச் சுவரில் எழுதி வைக்கட்டும்.

இனிப் பட்டப்பெயருக்கு வருவோம். ஹுஜுராத் அத்தியாயத்தின் 11ஆம் வசனம் மூன்று காரியங்களைத் தடுக்கிறது: ஒருவரையொருவர் பரிகசிப்பது, குத்திக்காட்டிக் குறை சொல்வது, பட்டப்பெயரிட்டு அழைப்பது. இந்த வசனம் இறங்கிய சூழலை அபூதாவூத், திர்மிதீ கிதாபுகளில் காண்கிறோம். நபியவர்கள் மதீனாவுக்கு வந்தபோது பனூ ஸலமா குடும்பத்தாரில் ஒவ்வொருவருக்கும் இரண்டு மூன்று பெயர்கள் இருந்தன. நபியவர்கள் அவற்றில் ஒன்றைச் சொல்லி ஒருவரை அழைத்தால், அந்தப் பெயரைச் சொன்னால் அவருக்குக் கோபம் வரும் என்று மற்றவர்கள் சொல்வார்களாம். எவ்வளவு சிறிய காரியம்! ஒரு மனிதரின் முகம் சுளிப்பதற்காக ஏழு வானங்களுக்கு மேலிருந்து வசனம் இறங்கியது.

நம் ஊரில் நிலைமை என்ன? மாலை நேர மதரஸாவில் போய் உட்கார்ந்து பாருங்கள். "குண்டன்", "கறுவாயன்", "சோடாபுட்டி", "திக்குவாயன்" என்ற பெயர்கள்தாம் காதில் விழும். இதில் நமக்கு வருத்தம் என்னவென்றால், சில உஸ்தாதுமார்களே இந்தப் பெயர்களைச் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். உஸ்தாது ஒருமுறை சிரித்துக்கொண்டே சொன்னால் போதும், பையனுக்கு அந்தப் பெயர் வாலிபம் வரை ஒட்டிக்கொள்ளும். பத்து வயதில் நபியவர்களிடம் பணிவிடைக்கு வந்த அனஸ் (ரலி) அவர்கள், பத்தாண்டுக் காலத்தில் தம்மை ஒருமுறைகூட அவர்கள் 'சீ' என்று சொன்னதில்லை என்கிறார்கள். அந்த அனஸின் சின்னத் தம்பி அபூஉமைர் வளர்த்த சிட்டு இறந்துபோனபோது, அதைப் பற்றி அந்தக் குழந்தையிடம் விசாரித்தவர்கள் நம் நபி. கிதாபு ஓதிக் கொடுக்கும் நமக்கு இதைவிட வேறென்ன ஸனது வேண்டும்?

வசனத்திலே இன்னொரு நுட்பம் உண்டு. ஆண்கள் ஆண்களைப் பரிகசிக்க வேண்டாம் என்று சொன்ன அல்லாஹ், பெண்கள் பெண்களைப் பரிகசிக்க வேண்டாம் என்று தனியாகவும் சொல்கிறான். பெண் பிள்ளைகளிடையே இந்தக் கொடுமை வேறு உருவில் நடக்கிறது. அங்கே அடிதடி குறைவு. "அவளோட யாரும் பேசக் கூடாது" என்று ஒருத்தி சொல்வாள். மறுநாள் முதல் வகுப்பே ஊமையாகிவிடும். அவள் வந்தால் பேச்சு நிற்கும். போனால் சிரிப்பு எழும். மூன்று பேர் இருக்கும் இடத்தில் ஒருவரை விட்டுவிட்டு இருவர் மட்டும் இரகசியம் பேசலாகாது, அது அவரைக் கவலைப்படுத்தும் என்று நபி (ஸல்) அவர்கள் தடுத்ததை இப்னு மஸ்ஊத் (ரலி) அறிவிக்கிறார்கள். புகாரீ, முஸ்லிம் இரண்டிலும் பதிவாகியிருக்கிறது. மூன்று பேரில் ஒருவரை ஒதுக்குவதே இப்படியென்றால், நாற்பது பேரில் ஒருத்தியை ஒதுக்குவது எப்படி? அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அன்னை ஸஃபிய்யா (ரலி) அவர்களின் உயரத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிட்டபோது, கடல் நீரில் கலந்தால் கடலையே கெடுத்துவிடும் சொல் என்றார்கள் நபியவர்கள். தம் மனைவி என்பதற்காக விட்டுக்கொடுக்கவில்லை.

முன்பெல்லாம் கேலிச்சொல் பள்ளிக்கூடத்துச் சுவரோடு நின்றுவிடும். நான்கு மணிக்கு மணி அடித்தால் பிள்ளைக்கு விடுதலை. இன்று அது கைப்பேசி வழியாக வீட்டுப் பாய் வரை வந்து, தலையணைக்குப் பக்கத்தில் படுத்துக்கொள்கிறது. வகுப்புப் பிள்ளைகளின் வாட்ஸ்அப் குழுவில் ஒருவனுடைய படத்தைப் போட்டுச் சிரிக்கிறார்கள். அதை இன்னொருவருக்கு அனுப்பியவனும் அந்தப் பாவத்தில் பங்காளிதான். கேட்டதையெல்லாம் பரப்புவதே ஒரு மனிதன் பொய்யனாவதற்குப் போதும் என்று முஸ்லிமில் வரும் ஹதீஸை நாம் பெரியவர்களுக்கு மட்டும் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

மேலூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு தாய், பன்னிரண்டு வயது மகனை அழைத்துக்கொண்டு நம்மிடம் வந்தார். "ஹஜ்ரத், காத்து கருப்பு எதுவும் பட்டிருக்குமோன்னு பயமா இருக்கு. தெனமும் காலையில வயித்து வலிங்கிறான். ராத்திரி பாயை நனைக்கிறான். டாக்டர் ஒண்ணுமில்லைங்கிறாரு. ஓதிப் பாருங்க" என்றார். வெள்ளி, சனி இரவுகளில் பையன் நன்றாகத் தூங்குகிறானாம். நமக்கு அப்போதே ஐயம் வந்தது. விடுமுறைக்கு முந்தைய இரவுகளை மட்டும் விட்டுவிடும் ஜின்னை நாம் எந்தக் கிதாபிலும் படித்ததில்லை! தாயாரை வெளித் திண்ணையில் உட்காரச் சொல்லிவிட்டுப் பையனிடம் மெதுவாகப் பேச்சுக் கொடுத்தோம். அவனுக்குத் திக்குவாய். மதுரைக்குப் படிக்கப் போகும் பஸ்ஸில் பெரிய பையன்கள் நான்கு பேர், கண்டக்டரிடம் நிற்க வேண்டிய ஊரின் பெயரை அவனையே சொல்லச் சொல்வார்களாம். அவன் திக்கத் திக்க, பஸ்ஸில் பாதிப் பேர் சிரிப்பார்களாம். எட்டு மாதமாக நடக்கிறது. "ஏம்ப்பா அத்தாகிட்டச் சொல்லலை?" என்றோம். "சொ... சொல்ல வராது" என்றான்.

துஆ ஓதினோம், அது நம் கடமை. பிறகு மூஸா (அலை) அவர்களைப் பற்றிச் சொன்னோம். வல்லமை மிக்க அந்த நபியின் நாவிலும் ஒரு முடிச்சு இருந்தது. அதை அவிழ்த்துவிடுமாறு அவர்கள் இறைவனிடம் கேட்ட துஆ தாஹா அத்தியாயத்தில் இருக்கிறது. தெளிவாகப் பேசக்கூட வராதவர் என்று ஃபிர்அவ்ன் தன் சபையோர் முன் அவர்களை ஏளனம் செய்தது ஸுக்ருஃபில் இருக்கிறது (43:52). திக்குவாயைப் பார்த்துச் சிரித்தவன் யார், சிரிப்புக்கு ஆளானவர் யார் என்று அல்லாஹ் பெயர் குறித்துப் பதிந்துவிட்டான். பையனின் முகம் சற்றுத் தெளிந்தது. இன்னொன்றையும் சொன்னோம். மூஸா (அலை) அவர்கள் நாவின் முடிச்சு அவிழ வேண்டும் என்று மட்டும் கேட்கவில்லை. தம் சகோதரர் ஹாரூனைத் தமக்குத் துணையாகவும் கேட்டார்கள். துணை கேட்பது கோழைத்தனம் என்றால் நபி கேட்டிருப்பார்களா?

அந்தப் பையனுக்குக் கிடைத்த ஹாரூன், அதே பஸ்ஸில் பிளஸ் டூ படிக்கப் போகும் பக்கத்துத் தெரு வாலிபன் ஒருவன். முஸ்லிம் அல்லாத வீட்டுப் பிள்ளை. தாயார் போய்ச் சொன்னதும், "நான் பாத்துக்கிறேன் அத்தை" என்று சொல்லி, மறுநாளிலிருந்து அவனைத் தன் பக்கத்தில் நிறுத்திக்கொண்டான். சண்டை போடவில்லை, மிரட்டவில்லை, கூடவே நின்றான். பள்ளியிலும் தகவல் சொல்லப்பட்டது. வயிற்று வலி ஒரு மாதத்தில் போயிற்று. திக்குவாய் இன்னும் இருக்கிறது; அதற்கு அரசு மருத்துவமனையில் பேச்சுப் பயிற்சிக்குப் போய்வருகிறான்.

'சொல்ல வராது' என்று அவன் சொன்ன வார்த்தை, திக்காத பிள்ளைகளுக்கும் பொருந்தும். ஏன் சொல்ல வருவதில்லை? சொன்னால் கோள் சொல்லி என்று பெயர் வரும். சொன்னால் வீட்டிலும் திட்டு விழும்: "நீ என்ன பண்ணினே? சும்மா இருந்தா அவன் ஏன் வம்புக்கு வர்றான்?" கோளும் புறமும் கடும் பாவம் என்று நாமும் ஜும்ஆவில் முழங்குகிறோம். ஆகவே ஒரு விளக்கம் இங்கே தேவைப்படுகிறது. தீய சொல்லை வெளிப்படையாகப் பேசுவதை அல்லாஹ் விரும்புவதில்லை என்று சொல்லும் நிஸா அத்தியாயத்தின் 148ஆம் வசனமே, அநீதி இழைக்கப்பட்டவருக்கு விலக்கும் அளிக்கிறது. இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் தம் ரியாளுஸ் ஸாலிஹீனில், ஒருவரின் குறையை அவர் இல்லாதபோது பேச அனுமதியுள்ள ஆறு சந்தர்ப்பங்களை எழுதியிருக்கிறார்கள். முதலாவது எது தெரியுமா? அநீதிக்குள்ளானவர், தமக்கு நியாயம் வழங்கக் கூடியவரிடம் போய் முறையிடுவது. ஆகவே, தன்னை அடித்தவனைப் பற்றி ஆசிரியரிடமோ அத்தாவிடமோ சொல்லும் பிள்ளை கோள் சொல்லவில்லை, முறையிடுகிறான். இந்த வேறுபாட்டை மதரஸாவிலேயே கற்றுக்கொடுக்க வேண்டும்.

ஸப்ரு என்ற சொல்லையும் நாம் தவறான இடத்தில் போட்டு விடுகிறோம். "பொறுத்துப் போ, அல்லாஹ் பார்த்துக்குவான்" என்கிறோம். மக்காவில் எளிய தோழர்கள் துன்புறுத்தப்பட்டபோது நபியவர்கள் பொறுமையைப் போதித்தார்கள், உண்மை. அதோடு நின்றார்களா? நுபுவ்வத்தின் 5ஆம் ஆண்டில், யாருக்கும் அநீதி நடக்காத அரசர் ஒருவர் இருக்கிறார் என்று சொல்லி அபிசீனியாவுக்கு அனுப்பினார்கள். அந்த நஜ்ஜாஷி அப்போது கிறிஸ்தவர். ஒவ்வொரு பள்ளிக்கூடத்திலும் ஒரு நஜ்ஜாஷி இருப்பார்: ஒரு விளையாட்டு ஆசிரியர், ஒரு நூலகர், ஒரு சத்துணவு அம்மா. பிள்ளைக்கு அந்த மனிதரை அடையாளம் காட்டுங்கள். எதுவும் சரிப்படாமல் பள்ளிக்கூடத்தையே மாற்ற நேர்ந்தால், அதைத் தோல்வி என்று எண்ணாதீர்கள். ஹிஜ்ரத் செய்தவர்கள் தோற்றவர்களா?

சின்ன விஷயம் என்று விட்டது எங்கே போய் முடியும் என்பதற்கு நம் தமிழ்நாட்டிலேயே சாட்சிகள் உண்டு. 1996 நவம்பரில் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்து ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியின் முதலாண்டு மாணவர் நாவரசு கொல்லப்பட்டார். அவருடைய தந்தை சென்னைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக இருந்தவர். படிப்பும் அந்தஸ்தும் நிறைந்த வீடுதான். ராகிங் கொடுமை அதையெல்லாம் பார்க்கவில்லை. கொன்ற மூத்த மாணவருக்கு விதிக்கப்பட்ட ஆயுள் தண்டனையை, இடையில் உயர்நீதிமன்றத்தில் கிடைத்த விடுதலையை ரத்து செய்து, 2011இல் உச்சநீதிமன்றம் உறுதி செய்தது. அந்தத் துயரத்துக்குப் பின் 1997இல் தமிழ்நாட்டில் ராகிங் தடைச் சட்டம் வந்தது. இரண்டாண்டு வரை சிறை, பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம், கல்லூரியிலிருந்து நீக்கம் என்று அது சொல்கிறது.

2023 ஆகஸ்டில் நெல்லைச் சீமை நாங்குநேரியில் நடந்தது இன்னும் நெஞ்சை அறுக்கிறது. தாழ்த்தப்பட்ட சமூகத்தைச் சேர்ந்த பிளஸ் டூ மாணவன், உடன் படிக்கும் பிள்ளைகளின் சாதித் தொந்தரவு தாங்காமல் பள்ளிக்கூடத்துக்கே போகாமல் நின்றுவிட்டான். ஆசிரியர்கள் விசாரித்தபோது உண்மையைச் சொன்னான். அன்றிரவே, உடன் படித்தவர்கள் அரிவாளோடு அவன் வீட்டுக்குள் புகுந்தார்கள். தடுக்கப் போன தங்கைக்கும் வெட்டு. அந்த மாணவன் பிழைத்தெழுந்து, மறு ஆண்டு தேர்வில் 600க்கு 469 மதிப்பெண் பெற்றான் என்பதை எண்ணி அல்லாஹ்வுக்கு ஷுக்ரு செய்தோம். இந்தக் கொடுமையை ஒட்டி அமைக்கப்பட்ட ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு அவர்களின் குழு 2024 ஜூனில் அறிக்கை தந்தது. சாதியைக் காட்டும் கைக்கயிறுகளைப் பிள்ளைகள் கட்டக் கூடாது, ஐந்நூறு பேருக்கு மேல் படிக்கும் பள்ளிகளுக்கு நல அலுவலர் வேண்டும் என்றெல்லாம் அது பரிந்துரைத்தது. நாம் இதில் பார்க்க வேண்டிய ஒன்று உண்டு. முறையிடு என்று பிள்ளையைத் தூண்டுகிறோம்; முறையிட்டவனைக் காப்பது யார்? அவன் பெயர் வெளியே போகாமல் பார்த்துக்கொள்வதும், அன்று மாலை அவன் வீடு போய்ச் சேரும் வரை துணை நிற்பதும் பெரியவர்கள் தலையில் விழுந்த அமானத்.

"நம்மிடம் சாதி இல்லை ஹஜ்ரத்" என்று நெஞ்சை நிமிர்த்துகிறோம். அல்ஹம்துலில்லாஹ், மார்க்கத்தில் இல்லை. காஜிமார் தெருவிலும் கோரிப்பாளையத்திலும் நெல்பேட்டையிலும் நம் பிள்ளைகள் வாயில் இல்லையா? உருது பேசும் வீட்டுப் பிள்ளையைத் தமிழ் பேசும் பிள்ளை கிண்டல் செய்வதும், அவன் திருப்பி இவனைக் கிண்டல் செய்வதும் நாம் கேட்காததா? அத்தா செய்யும் தொழிலைச் சொல்லி ஒரு சிறுவனைச் சீண்டுவதில்லையா? அபூதர் (ரலி) அவர்கள் ஒரு மனிதரை அவருடைய தாயைச் சொல்லி இழிவுபடுத்தியபோது, உம்மிடம் இன்னும் அறியாமைக் காலத்து வாடை இருக்கிறது என்று நபியவர்கள் கண்டித்தார்கள். அவர் எவ்வளவு பெரிய ஸஹாபி! மேலும், முஆத் (ரலி) அவர்களை யமனுக்கு அனுப்பும்போது, அநீதி இழைக்கப்பட்டவரின் துஆவுக்கு அஞ்சிக்கொள்ளுங்கள், அதற்கும் அல்லாஹ்வுக்கும் இடையே திரை இல்லை என்றார்கள். அவர் எந்த மதத்தார், எந்தக் குலத்தார் என்ற பேச்சே அங்கு இல்லை. நம் பிள்ளையின் தொப்பியைப் பிடுங்கி எறிந்தால் நமக்கு எப்படி இருக்கிறதோ, அப்படித்தான் நம் பிள்ளை இன்னொரு வீட்டுப் பிள்ளையின் நெற்றியையோ நிறத்தையோ பார்த்துச் சிரித்தால் அந்தத் தாய்க்கும் இருக்கும்.

கொடுமை செய்கிற பிள்ளை நம் வீட்டிலேயே இருந்தால்? இதைத்தான் யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை. பயானில் இதைச் சொல்லும்போது கூட்டத்தில் எல்லோருமே பாதிக்கப்பட்டவரின் அத்தாவாகத் தலையாட்டுகிறார்கள்! அடிக்கிற பிள்ளைகளும் எங்கிருந்தோ வரத்தானே வேண்டும்? அநீதி செய்பவனாயினும் அநீதிக்கு ஆளானவனாயினும் உன் சகோதரனுக்கு உதவி செய் என்று நபி (ஸல்) அவர்கள் சொன்னபோது, தோழர்கள் வியந்து, அநீதி செய்பவனுக்கு எப்படி உதவுவது என்று கேட்டார்கள். அவன் கையைத் தடுப்பதுதான் அவனுக்குச் செய்யும் உதவி என்று விடை வந்தது. புகார் வந்தவுடன் பெல்ட்டைக் கழற்றும் தகப்பனார் அந்த உதவியைச் செய்யவில்லை. வலியவன் எளியவனை அடிக்கலாம் என்ற பாடத்தை இன்னொரு முறை நடத்திக் காட்டுகிறார். "என் பிள்ளை அப்படிச் செய்ய மாட்டான்" என்று சண்டைக்குப் போகும் தாயாரும் செய்யவில்லை. நிதானமாகக் கேளுங்கள். அந்தப் பிள்ளையின் வீட்டுக்கு அவனை அழைத்துப் போய் மன்னிப்புக் கேட்கச் செய்யுங்கள். பிடுங்கிய பொருளைத் திருப்பிக் கொடுக்கச் செய்யுங்கள். அடியார்களின் உரிமையில் தவ்பாவுக்கு இதுவும் ஒரு ஷர்த்து என்பது ஓதியவர்களுக்குத் தெரியும்.

பாதிக்கப்பட்ட பிள்ளையின் வீட்டார்க்கும் இரண்டு வார்த்தை. மாமன் மச்சான்களைக் கூட்டிக்கொண்டு அந்தப் பையன் வீட்டுக்குப் போகாதீர்கள். பிள்ளைகள் இருவர் சண்டை இரு தெருச் சண்டையாகும். என்று, எங்கே, யார், என்ன செய்தார் என்று ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். கைப்பேசியில் வந்ததைக் கோபத்தில் அழித்துவிடாமல் வைத்திருங்கள். அதை எடுத்துக்கொண்டு தலைமையாசிரியரைப் பாருங்கள், எழுத்தில் கொடுங்கள். பிள்ளை சோறு இறங்காமல், யாருடனும் பேசாமல், "நான் இருந்து என்ன செய்யப் போறேன்" என்று ஒரு வார்த்தை சொன்னாலும், அதை அழகுக்குப் பேசுகிறான் என்று விட்டுவிடாதீர்கள். அன்றிரவே பக்கத்தில் படுத்துக்கொள்ளுங்கள். மறுநாளே மருத்துவரிடம் கூட்டிப் போங்கள்.

நட்பு முறிவதும் பிள்ளைகளுக்கு ஒரு மவுத்து போலத்தான். நம் ஊர்ப் பிள்ளைகளிடம் நல்ல வழக்கம் ஒன்று இருக்கிறது. காலையில் 'காய்' விடுவார்கள். மாலையில் விரலைக் கோத்துப் 'பழம்' விடுவார்கள். மூன்று நாட்களுக்கு மேல் சகோதரனோடு பேசாமல் இருப்பது கூடாது, இருவரில் முந்தி ஸலாம் சொல்பவரே சிறந்தவர் என்ற ஹதீஸை ஓதாமலேயே அமல் செய்கிறார்கள். ஓதிய நாமோ ஜமாஅத் கணக்கில் வந்த தகராறுக்காகப் பதினைந்து வருடம் காய் விட்டுக்கொண்டு, ஒரே ஸஃபில் தோளோடு தோள் நிற்கிறோம்! வயது ஏறினால் பிள்ளைகளுக்கும் அந்தப் பழம் விடுவது மறந்துபோகிறது. அபூபக்ரும் உமரும் (ரலி) சண்டையிட்டுக்கொண்ட வரலாற்றை அவர்களுக்குச் சொல்லுங்கள். அபூபக்ர் (ரலி) மன்னிப்புக் கேட்டும் உமர் (ரலி) அப்போது ஏற்கவில்லை. பிறகு வருந்தி அவரைத் தேடி வீட்டுக்கே போனார்கள். நபியவர்களின் முகம் மாறியதைக் கண்டதும் அபூபக்ர் (ரலி) மண்டியிட்டு, தவறு என்னுடையதுதான் அதிகம் என்றார்கள். அந்த இருவருக்குள்ளேயே சண்டை வந்ததென்றால், பத்தாம் வகுப்பில் இருவருக்குள் வருவதில் வியப்பென்ன?

எல்லா நட்பையும் ஒட்டவைக்க வேண்டும் என்றும் நாம் சொல்லவில்லை. கஸ்தூரி விற்பவன், கொல்லன் துருத்தி உவமை எல்லோருக்கும் தெரியும். சிகரெட்டுக்கும் பொய்க்கும் இழுக்கும் நண்பன் விலகிப் போனால், அழுகிற பிள்ளையைத் தேற்றுங்கள். திரும்பக் கூட்டிவைக்க ஓடாதீர்கள்.

தனித்து விடப்பட்டவனுக்கு ஒரே ஒரு மனிதர் என்ன செய்ய முடியும் என்று கேட்கிறார்கள். தபூக் போருக்குப் போகாமல் பின்தங்கிய கஅபு இப்னு மாலிக் (ரலி) அவர்களோடு ஐம்பது நாட்கள் யாரும் பேசவில்லை. அது அல்லாஹ்வின் தூதர் இட்ட கட்டளை. பள்ளிக்கூடத்து ஒதுக்கலுக்கு அதை ஆதாரமாக்க எவருக்கும் உரிமை இல்லை. ஆனால் ஒதுக்கப்பட்ட மனிதரின் நெஞ்சு எப்படியிருக்கும் என்பதை அங்கே காண்கிறோம்: பூமி விசாலமாக இருந்தும் அவர்களுக்கு நெருக்கடியாகிவிட்டது என்கிறது தவ்பா அத்தியாயம். மன்னிப்பு இறங்கிய அன்று கஅபு (ரலி) பள்ளிவாசலுக்குள் நுழைந்தபோது, தல்ஹா (ரலி) எழுந்து விரைந்து வந்து கைகொடுத்து வாழ்த்தினார்கள். முஹாஜிர்களில் வேறு எவரும் எழவில்லை. அதைத் தல்ஹாவுக்கு ஒருபோதும் மறக்க மாட்டேன் என்று, கண் பார்வை போன முதுமையிலும் கஅபு சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

ஒவ்வொரு மஹல்லாவிலும் மஃரிபுக்குப் பிறகு வாரத்தில் ஒரு நாள், பிள்ளைகள் இமாமிடமோ, அவர்கள் நம்பும் ஒரு பெரியவரிடமோ தனியாக வந்து பேச ஓர் இடம் ஒதுக்குங்கள். கதவு திறந்திருக்கட்டும், பேச்சு வெளியே போகாதிருக்கட்டும். பெண் பிள்ளைகளுக்கு ஓர் ஆலிமாவையோ ஆசிரியையையோ அமர்த்துங்கள். மதரஸா வராந்தாவில் பெரிய எழுத்தில் இந்த எண்களையும் எழுதிப் போடுங்கள்: குழந்தைகள் உதவிக்கு 1098; தமிழ்நாட்டுப் பள்ளி மாணவர்களுக்கு 14417; மனம் தளர்ந்தவர்கள் பேச 14416; கல்லூரியில் ராகிங் என்றால் 1800-180-5522. கைப்பேசி இல்லாத பிள்ளைக்கு மதரஸா அலுவலகத்துப் போனைக் கொடுங்கள். எதற்கு என்று கேட்க வேண்டாம்.